வாட்டர்ப்ரூஃப் சகலைக்கு ஆண்டவர் எழுதியது

ஆக, வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவர், கடலுக்கே வரப்புக் கட்டியவர், காலம் என்று ஒன்று தொடங்குவதற்கு முன்னாலேயே இவரை நினைத்து, இவர் ஒருவரையே மனதில் வைத்து எழுதிய அன்புக் கடிதம் இப்போது இவர் மடியில் திறந்து கிடந்தது, அதில் வீட்டுச் சுவரில் பூசணம் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. மறுபடியும் பூசணம். காலையில் கண் விழித்ததும் திறந்தபோதும் இதுதான், குளித்துவிட்டு வந்து பயபக்தியோடு திறந்தபோதும் இதுதான், மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டவன் மேல் ஆண்டவருக்கும் கொஞ்சம் இளக்காரம் குறையும் என்று ஏதோ ஒரு நம்பிக்கையில் திறந்தபோதும் விரல் போய் நின்ற இடம் பைபிளில் லேவியராகமம், அதே பக்கம், அதே பச்சைத் திட்டு, அதே சிவப்புத் திட்டு... ஊரில் எல்லாருக்கும் மலைகள் விலகுகின்றன, கடல்கள் பிளக்கின்றன, பாலைவனத்தில் ஆறு ஓடுகிறது, இவருக்கு மட்டும் சாந்து பூசுகிற வேலை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு புத்தகத்தை ஒரு தடவை குலுக்கிப் பார்த்தார், சீட்டுக்கட்டு மாதிரி, பிறகு அப்படிக் குலுக்கலாமா என்று பயந்து நெஞ்சில் வைத்து ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். திறந்தார். பூசணம். சரி, இது என்ன விளையாட்டு? உமக்கே நன்றாக இருக்கிறதா?

சாயங்காலம் ஜெபக்குழு இவர் வீட்டில். இந்தத் தடவை சாட்சி சொல்ல வேண்டிய முறையும் இவருடையது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வீடு, அந்த வீட்டுக்காரர் எழுந்து நின்று, இந்த வாரம் ஆண்டவர் எனக்கு என்ன எழுதினார் என்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் உருக வேண்டும், பிறகு டீ. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் குழுத்தலைவர், ஓய்வு பெற்ற தீயணைப்பு அதிகாரி, தலைமுடியை மட்டும் இன்னும் ஓய்வு பெற விடாமல் கறுப்படித்து வைத்திருப்பவர், எதைச் சொன்னாலும் மூன்றாவது மாடியில் மாட்டிக்கொண்டவனுக்குச் சொல்கிற குரலில்தான் சொல்வார். "இது புத்தகம் இல்ல பிரதர்! லவ் லெட்டர்! உங்களுக்கு வந்த லவ் லெட்டர்!" நீ, உன், உனக்கு என்று வருகிற இடத்தில் எல்லாம் அவரவர் பெயரைப் போட்டு வாசிக்க வேண்டும், அதுதான் முறை. கண்ணை மூடு, திற, விரலை வை, பெயரைப் போடு. எல்லாருக்கும் வேலை செய்தது. கண் டாக்டரம்மாவுக்கு வேலை செய்தது, அவர் பெயரைப் போட்டு வாசித்தபோது அவருக்கே கண் கலங்கி, கர்ச்சீப்பால் ஒற்றி ஒற்றி எடுத்தார். சகலைக்கோ கேட்கவே வேண்டாம். மச்சினியைக் கட்டிய நாளிலிருந்து இவருக்கு ஒரு படி மேலேயே நடந்து பழகிய ஆள், கார் ஷோரூம் வைத்திருக்கிறார், ஆண்டவரோடு பேசுவதுகூட ஏதோ டீலரோடு பேசுகிற மாதிரிதான், போன மாதம் விரலை வைத்தாராம், உன் எல்லையைப் பெரிதாக்குவேன் என்கிற மாதிரி வந்ததாம், அடுத்த வாரமே பக்கத்துக் கடை காலியாகி ஷோரூமை இடித்துப் பெரிதாக்கிவிட்டார். பக்கத்துக் கடைக்காரன் எந்த வசனத்தில் விரல் வைத்தானோ, பாவம், அதை யாரும் கேட்கவில்லை.

இவர் பெயரைப் போட்டால்? போட்டுப் பார்த்தாரே. ஒரு நாள், சாயங்காலம் வரைக்கும் தீட்டாயிருப்பான் என்று வந்தது. ஒரு நாள் யாரோ யாரையோ பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான் என்று பக்கம் முழுக்கப் பெற்றுக்கொண்டே போனார்கள், இவர் பெயரைச் செருக ஒரு சந்துகூட இல்லை. இப்போது சில மாதமாக இந்தச் சுவர். அதுவும் முதல் வரியே என்ன சொல்கிறது, உன் வீட்டில் அந்தத் தோஷத்தை நான்தான் வரப்பண்ணுவேன் என்கிற அர்த்தத்தில் அல்லவா போகிறது, ஆண்டவரே வரப்பண்ணுவாராம், பிறகு ஆண்டவரே அதற்கு வழியும் சொல்வாராம்... கம்பெனியில் இப்படி ஒரு டீலர் பேசியிருந்தால் ஏஜென்சியைப் பிடுங்கியிருப்பார். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று இவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? இவர் தொழிலே அது. சுவருக்கும் மொட்டைமாடிக்கும் ஈரம் இறங்காமல் பூசுகிற மருந்து விற்கும் கம்பெனியில் ஏரியா மேனேஜர், ஊர் ஊராகக் கொத்தனார்களைக் கூட்டி வைத்து மைக் பிடித்துப் பேசுகிறவர், நாலு மாநாட்டில் மாலை வாங்கியவர், சொந்தக்காரர்கள் மத்தியில் பெயரே வாட்டர்ப்ரூஃப்தான். அந்தப் பெயரை வைத்ததும் சகலைதான். "வாட்டர்ப்ரூஃப் சகல, உங்க மேல ஆசீர்வாத மழை கொட்டினாலும் ஒட்டாது போலிருக்கே!" என்று நிறைந்த சபையில் சொல்லி, தீயணைப்புக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்து, இவரும் சேர்ந்து சிரித்து... சிரிக்காமல் என்ன செய்வது, மைத்துனி புருஷன் ஆயிற்றே.

சமையலறையில் இருமல். இவர் மனைவி கப்புகளைக் கழுவி அடுக்குகிறாள், ஒரு கப்பு, ஒரு இருமல். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து பிடித்தது, மழை போய்விட்டது, இருமல் போகவில்லை. ராத்திரியில் இன்னும் மோசம், அவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, இவர் தூக்கம் கெடக்கூடாது என்று வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு இருமுவாள், அதில்தான் கட்டில் அதிகமாக ஆடும். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகத்தான் செய்தார், யாரும் குறை சொல்ல முடியாது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டு, வீட்டில் சுவரில் ஏதும் ஓதம் காத்து ஈரம் நிற்கிறதா, பூசணம் மாதிரி, என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் இவர், "எங்க வீட்லயா டாக்டர்? ஈரத்தை விரட்டுறதுதானே என் பொழப்பே" என்று சொல்லி, விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டி, உங்க கிளினிக் சீலிங் ஓரத்துல ஒரு கறை தெரியுது, நம்ம பையனை அனுப்பவா என்றும் கேட்டுவிட்டார். அவள் வாயை மூடிக்கொண்டாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறுகிறவரைக்கும் மூடியேதான் இருந்தாள்.

அது ஈரமா? ஈரம் என்று சொல்ல முடியாது. படுக்கையறைச் சுவருக்கு அந்தப்புறம் குளியலறை, உள்ளே ஏதோ ஒரு குழாய் மூட்டில் லேசான கசிவு, எந்த வீட்டில் இல்லை? சின்ன அறை, கட்டிலைச் சுவரோடு ஒட்டித்தான் போட முடியும், சுவர்ப் பக்கம் அவள், வெளிப்பக்கம் இவர், ராத்திரி எழுந்து போகிறவர் இவர்தானே. சுவரில் ஒரு திட்டு தெரிந்ததும் இவர் சும்மா இருந்தாரா? சாம்பிள் டப்பா ஒன்றை உடைத்து, தன் கையாலேயே, பழைய பூச்சின் மேலேயே இரண்டு கோட்டிங் அடித்தார். கொத்தனார்கள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சுரண்டாம பூசாதீங்க, சுரண்டாம பூசறது புண்ணுக்குப் பவுடர் போடறது மாதிரி என்று இவர் சொல்வது உண்டு, கைதட்டல் கிடைக்கும் இடம் அது. ஆனால் வீட்டில் சுரண்டினால் தூசி, ஆள் வர வேண்டும், குளியலறை டைல்ஸை உடைக்க வேண்டும், தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள், வாட்டர்ப்ரூஃப் வீட்டிலேயே ஒழுகுதாம்பா என்று ஒரே ஒரு வாய் போதும்... அடித்த பெயின்ட் அடுத்த மாதமே அப்பளம் மாதிரி உப்பி நின்றது. நல்லவேளையாக அப்போதுதான் கல்யாண நாளுக்கு ஜெபக்குழு ஒரு பெரிய தங்கநிற ஃப்ரேம் பரிசளித்தது, 'இந்த வீட்டை ஆண்டவர் நேசிக்கிறார்' என்று எழுதினது, ஜன்னலளவு. அதைக் கொண்டுபோய்த் திட்டின் மேல் மாட்டினார். ஹாலில் மாட்டாமல் படுக்கையறையில் ஏன் என்று தீயணைப்புக்காரர் கேட்டபோது, "கண்ணு முழிச்சதும் முதல்ல அதைத்தான் பார்க்கணும்னு ஆசை" என்றார், வாய் கூசவில்லை. கண் டாக்டரம்மா ஸ்தோத்திரம் என்றார். அந்த ஒரு நாள்தான் சகலையின் முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

அவள் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் இந்தப் பக்கம் வந்து படுத்துப் பாருங்க. ஒரே ஒரு நாள். இவரும் சரி சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், இவர் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லை பெரிதாக வேண்டாம், மலை விலக வேண்டாம். ஒரு வரி. உன்னை எனக்குத் தெரியும், உன்னை எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான், யாரோ உட்கார்ந்து இவருக்கென்று எழுதின ஒரு வரி. ஆயுசில் அப்படி ஒன்று வந்ததில்லை. ஹாஸ்டலில் படித்த காலத்தில் மற்ற பையன்களுக்கு வீட்டிலிருந்து என்னென்னவோ வரும், கண்ணே மணியே என்று நாலு பக்கம், வாசிக்கும்போதே மூக்கை உறிஞ்சுவார்கள், அப்பாவிடமிருந்து இவருக்கு வருவது போஸ்ட் கார்டு. அதில் மழை தொடங்கிவிட்டது, பாயை வெயிலில் போட்டு எடு, ஜன்னலோரம் படுக்காதே, ஈரத் துணியைப் பெட்டியில் வைக்காதே. முடிந்தது. அன்புள்ள என்றுகூட இருக்காது, எடுத்த எடுப்பில் பாய்தான். வார்டன் கார்டைச் சத்தமாக வாசித்து, உங்கப்பா என்ன வானிலை ஆபீஸா என்று கேட்டு, மொத்த ஹாஸ்டலும்... இப்போது ஆண்டவரும் அப்பா மாதிரியே ஆரம்பித்தால் ஒரு மனுஷன் எங்கேதான் போவான்? கோபம் வந்தது. மடியில் கிடந்த பக்கத்தைப் பார்த்து, இதில் அன்பு எங்கே, காட்டும், ஒரு இடம், ஒரு எழுத்து, என்று கிட்டத்தட்ட வாய்விட்டே கேட்டார். வீட்டுக்காரன் கோயில் ஆசாரியனிடம் போய், என் வீட்டில் ஏதோ தோஷம் வந்த மாதிரித் தெரிகிறது என்று சொல்ல வேண்டுமாம். ஆசாரியன் வந்து பார்க்கும் முன் சாமான்களை வெளியே எடுத்து வைக்க வேண்டுமாம். குழி விழுந்து, மேல்பூச்சைவிட உள்ளே இறங்கியிருந்தால் கல்லைப் பிடுங்கி, சுற்றிலும் சுரண்டி, வேறு கல், வேறு சாந்து. சுரண்டித்தான் பூச வேண்டும், ஆமாம், முறை சரிதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை... ஆனால் இது கடிதமா? இது வேலைக் குறிப்பு.

வாசலில் கார் சத்தம். சகலையின் கார், ஹாரனை இரண்டு தடவை அடித்து இறங்குவது அவர் பழக்கம். இவர் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்தார். பின்னாலே புரட்டி, கல்யாண வீடுகளில் எல்லாரும் வாசிக்கிற அந்த அன்பு அதிகாரத்தைத் தேடிப் பிடித்து, பெயின்ட் கலர் அட்டை ஒன்றை அடையாளமாகச் செருகி வைத்தார், இளம் ரோஜா நிற அட்டை, பொருத்தமாகவும் இருந்தது. ஆண்டவரை ஏமாற்றுவதாக ஆகாது, அவர் எழுதினதைத்தானே வாசிக்கப் போகிறோம், பக்கத்தை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கிறோம். கண் கலங்குகிறதா என்று கண்ணாடியில் ஒரு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டார். பரவாயில்லை, கலங்கியது.

ஹாலில் நாற்காலிகள் நிரம்பின. சகலை உள்ளே வந்ததும் மேலே சீலிங்கைப் பார்த்தார், பார்க்காமல் இருக்க மாட்டார், "எங்கயும் ஒழுகல இல்ல சகல? நம்பி உட்காரலாமா?" மச்சினி அவரைக் கிள்ளினாள். பாட்டு, ஒரு ஜெபம், இன்னொரு பாட்டு. பிறகு தீயணைப்புக்காரர் எழுந்து, பிரதர் சாட்சி சொல்லுவார் என்றார், இவர் தொண்டையைச் செருமி, புத்தகத்தை எடுத்து, இந்த வாரம் ஆண்டவர் எனக்குத் தந்தது என்று ரோஜா அட்டை பக்கம் கையைக் கொண்டுபோனபோது, "இருங்க, இருங்க! ஒரு புதுசு பண்ணுவோம். இங்கயே, எல்லார் முன்னாலயும் திறங்க. சுடச்சுட! கண்ணை மூடுங்க!" என்றார் தீயணைப்புக்காரர். எல்லாரும் ஆமென் என்றார்கள். ஆமென் சொன்ன பிறகு என்ன செய்ய முடியும்? கண்ணை மூடினார். தயவுசெய்து, என்று மனதுக்குள் சொன்னார், மலை வேண்டாம், கடல் வேண்டாம், சுவர் மட்டும் வேண்டாம். அட்டை நழுவிக் கீழே விழுகிற சத்தம் கேட்டது. திறந்தார். விரலை வைத்தார். வாசிக்கும்போது குரல் கம்மியது, நடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, எரிச்சலிலேயே கம்மியது. பச்சைத் திட்டு, சிவப்புத் திட்டு, குழி, சுரண்டல், சாந்து. முடித்துவிட்டு, சகலை இப்போது சிரிப்பார் என்று காத்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. தீயணைப்புக்காரர் கண்ணை மூடித் தலையை மெதுவாக ஆட்டினார். "சுவர்னா என்ன? இதயம்!" என்றார். கண் டாக்டரம்மா, பச்சை பொறாமையைக் குறிக்கும், சிவப்பு கோபத்தைக் குறிக்கும் என்றார். சாந்து கிருபை என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். "ஆழம் சகல... ரொம்ப ஆழம். எனக்கெல்லாம் இந்த மாதிரி வந்ததே இல்ல" என்று சகலை சொன்னார், கிண்டல் இல்லாமல் சொன்னார், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இவரைப் பொறாமையோடு பார்த்தார். இவருக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. ஆமாம், இதயம்தான், நமக்கு ஏன் தோன்றாமல் போயிற்று, எவ்வளவு அழகாக, தூசி இல்லாமல், டைல்ஸ் உடைக்காமல்... அப்போது டீ டிரேயோடு வந்து நின்ற அவள் இருமினாள். டிரே ஆடியது. இருமி முடித்து, மூச்சு வாங்கி, கப்பை நீட்டியபடியே, சர்க்கரை போதுமா என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள், "அது பெட்ரூம் சுவருங்க."

உடனே தீயணைப்புக்காரர், "பார்த்தீங்களா! பெட்ரூம்! இதயத்தோட உள்ளறை! சிஸ்டர் எவ்வளவு ஆழமா சொல்லிட்டாங்க!" என்றார், எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அவள் டிரேயை அடுத்தவரிடம் கொண்டுபோனாள். கண் டாக்டரம்மா மட்டும் இவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, வசனத்தைக் குறித்துக்கொள்ளத் திறந்தவர், மூக்கைச் சுருக்கினார். "என்ன சார், புத்தகத்துல இப்படி வாடை?" புத்தகத்தின் தொடக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளித் தாள்கள் அலை அலையாக உப்பி, அந்த இடத்தில் தானாகவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இவர் பார்த்தார். புத்தகம் இருப்பது படுக்கையறை அலமாரித் தட்டில், சுவரோடு சாய்த்து. அப்படியானால்... இத்தனை மாதமும் இந்தப் பக்கத்தைத் திறந்துகொடுத்தது ஓதமா? ஆண்டவர் இல்லையா? சுவரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததா? அவமானமாக இருந்தது, அதற்குமேல் கோபம், ஏமாந்த கோபம், பிறகு, சரி, அந்த ஈரத்தை அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது யார், அன்பு அதிகாரத்தில் உப்பியிருக்கலாமே, வம்ச வரலாற்றில் உப்பியிருக்கலாமே... அந்தக் கேள்வியை மேலே கொண்டுபோக அவருக்குத் தைரியம் வரவில்லை. "மழைக்காலத்து ஈரம் பாருங்க" என்றார் டாக்டரம்மாவிடம்.

இதயச் சுவருக்காக ஜெபிப்போம் என்று தீயணைப்புக்காரர் அறிவித்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவர் ஜெபம் ஆரம்பித்தால் சீக்கிரம் முடியாது, இவர் மெதுவாக எழுந்தார், ஒருவரும் கண் திறக்கவில்லை, அவள் மட்டும் சமையலறை வாசலில் நின்று திறந்த கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கையறைக்குள் போனார். விளக்கைப் போட்டார். நின்று பார்த்தால் ஒன்றும் இல்லை, தங்க ஃப்ரேம், ஆண்டவர் நேசிக்கிறார், எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஏனென்று தெரியாமல், கட்டிலில் ஏறித் தாண்டி, சுவர்ப் பக்கம் போய் அவள் இடத்தில் படுத்தார், அவள் படுக்கிற மாதிரியே ஒருக்களித்து. படுத்தபோதுதான் தெரிந்தது, ஃப்ரேமை அவர் மாட்டியிருந்தது நிற்கிறவர்கள் கண்ணுக்கு. அதன் கீழ்விளிம்புக்குக் கீழே, தலையணை மட்டத்துக்கு, மூக்குக்கு ஒரு சாண் எதிரே சுவர் பச்சையாகவும் சிவப்பாகவும் பொரிந்து, மேல்பூச்சைவிட உள்ளே இறங்கிக் கிடந்தது. பாயை வெயிலில் போட்டு எடு, என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது... ஜன்னலோரம் படுக்காதே. தொண்டை அரித்தது. இருமல் வந்தது, ஹாலில் ஜெபம் நடக்கிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு இருமினார், கட்டில் ஆடியது, தலையணை நகர்ந்தது.

தலையணைக்கும் சுவருக்கும் நடுவில், ஈரம் தலையணையில் ஏறாமல் இருக்க, அவள் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டின அட்டையைச் செருகி வைத்திருந்தாள். அது கம்பெனி விளம்பர அட்டை. 'இனி உங்கள் சுவரில் ஈரம் இல்லை' என்று போட்டு, கீழே ஏரியா மேனேஜரின் படம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், மூக்கு வரைக்கும் பூசணம் ஏறியிருந்தது.